ஸ்காபரோவுக்கு வந்த ஜேர்மன்காரன்

நேற்று உடுப்புத் தோய்க்கும் மெஷினின் அடியில் ஒரு பிடி கறுப்பு ரப்பர் மணிகள் கிடந்தன. மகளின் காலுறையில் ஒட்டி வந்தவை. செயற்கைப் புல் மைதானத்தில் தூவுகிறவை, ஓடினால் வீடு வரைக்கும் கூட வரும். மெஷின் பழுதாகப் போகிறதே என்றுதான் முதலில் பயந்தேன். பிறகு மணந்து பார்த்தேன். வெயிலில் காய்ந்த ரயர் வாசம். என் பத்தொன்பது வயது அப்படியே மூக்குக்குள் ஏறிவிட்டது.

அந்த வயதில் நான் ஒரு ஜேர்மன்காரன். உங்களுக்குச் சிரிப்பு வரும். யாழ்ப்பாணத்து அம்மா அப்பாவுக்கு ஜேர்மனியில் பிறந்து, உதைபந்துக்காகப் பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டு, அங்கே மூன்றாந்தரக் கழகமொன்றில் மாற்று ஆட்டக்காரர் உட்காரும் வாங்கைத் தேய்த்துக்கொண்டிருந்தவன். ரொறன்ரோவில் ஒரு சின்னக் கழகம் ஒரு பருவத்துக்கு ஒப்பந்தம் தந்தது. போஸ்டரில் 'ஜேர்மன் மத்தியகள வீரர்' என்று கொட்டை எழுத்து. படத்தை மட்டும் முகம் தெரியாத தூரத்தில் நின்று எடுத்திருந்தார்கள்.

ஸ்காபரோவில் சித்தப்பா வீட்டு பேஸ்மென்ற்றில் தங்கினேன். முதல் மட்ச்சுக்கே அவர் கூட்டாளிகளும் மட்டன் ரோல்ஸுமாக வந்துவிட்டார்.

"தம்பி, உன்னை ஜேர்மன்காரன் எண்டுதானே வாங்கினவங்கள். கொஞ்சம் முறைச்சுப் பாரன். செத்தவீட்டுக்கு வந்தவன் மாதிரி நிக்கிறாய்."

முறைக்கிற நிலையிலா இருந்தேன்? பந்து என் பக்கம் உருண்டாலே பயம் தொடங்கிவிடும். பின்னால் ஒருவன் வருகிறான், பறிக்கப் போகிறான், கோல் விழப் போகிறது, என்னைத் திருப்பி அனுப்பப் போகிறார்கள், அம்மா சனத்துக்கு என்ன சொல்லுவா... இவ்வளவும் பந்து வந்து சேருமுன்னமே மனதில் ஓடி முடிந்துவிடும். அதனால் வந்த உடனேயே, சுடுகிற சட்டியைக் கைமாற்றுவதுபோல, பக்கத்தில் நிற்பவனுக்குத் தள்ளிவிடுவேன்.

கோச் பூரித்துப் போனார். இவனுக்குப் பிடரியிலும் கண் இருக்கிறது, இதுதான் ஜேர்மன் பயிற்சி என்று பத்திரிகைக்காரரிடம் சொன்னார். ஜேர்மன் பயிற்சி என்னைப் பற்றி என்ன நினைத்தது என்பது எனக்கல்லவோ தெரியும்.

சித்தப்பாவின் கூட்டாளிகளுக்குத்தான் திருப்தியில்லை. "டேய், பந்தை வைச்சு விளையாடடா! அதென்ன, உன்ர காலைக் கடிக்குதே?"

பருவத்தின் கடைசி மட்ச்சைப் பார்த்துத்தான் அடுத்த வருடம் என்னை வைத்திருப்பதா என்று முடிவெடுப்போம் என்றார் கோச். அதோடு என் நித்திரை போயிற்று, சாப்பாடு போயிற்று. கழகம் இரக்கப்பட்டு, மனப் பயிற்சி தரும் ஓர் அம்மையாரிடம் அனுப்பியது. அருமையான மனுசி. மூச்சை இழுக்கச் சொன்னா, விடச் சொன்னா, கண்ணை மூடி ஒரு ஏரியைப் பார்க்கச் சொன்னா. சில கிழமைகளில் பயம் துப்புரவாகப் போய்விட்டது. பிறந்ததிலிருந்து நான் அப்படி நித்திரை கொண்டதில்லை.

மட்ச் சமநிலையில் முடியப் போகிற நேரம், பந்து வந்தது. நான் தள்ளவில்லை. காலால் மிதித்தபடி நிமிர்ந்து நின்றேன். ஏரி தெரிந்தது. மாலை வெயில் தெரிந்தது. எல்லாம் நல்ல வடிவு. பின்னால் வந்தவன் மட்டும் தெரியவில்லை. அவன் பந்தைக் கொத்திக்கொண்டு போய்க் கோலுக்குள் அடித்துவிட்டான்.

தலையைக் குனிந்தபடி வெளியே வந்தால் கூட்டாளிகள் முதுகில் தட்டுகிறார்கள்.

"இண்டைக்குத்தான்டா நீ உண்மையான ஜேர்மன்காரன் மாதிரி நிண்டனி. என்ன நிமிர்வு!"

"அண்ணை, என்ர கொன்ராக்ற் போகப்போகுது."

"உது கிடக்கட்டும். படம் எடுத்தனாங்கள், வந்து பார்."

கோச் மறுநாள் கை குலுக்கி விடைதந்தார். உன் பார்வை ஏதோ கெட்டுவிட்டது, கண் டொக்டரிடம் காட்டு என்று அக்கறையாகவும் சொன்னார்.

ஜேர்மனிக்குத் திரும்பி அம்மாவின் முகத்தைப் பார்க்கப் பயந்து இங்கேயே நின்றுவிட்டேன். இப்போது டெலிவரி வான் ஓட்டுகிறேன். அந்தக் கழகம் இல்லை. மைதானத்தில் களஞ்சியக் கட்டடம் எழும்பிவிட்டது. சித்தப்பா அஜக்ஸுக்குப் போனார், கூட்டாளிகள் ஒஷாவா வரை சிதறிவிட்டார்கள். ஏரியும் போய்விட்டது. கண்ணை மூடினால் வீட்டுக் கடன்தான் தெரிகிறது. கோச் கை குலுக்கிய அன்றே பயம் பஸ்ஸில் ஏறி என் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டது. இன்றைக்கு 401 நெடுஞ்சாலையில் போகும்போது, பின்னால் வருகிற ஒவ்வொரு லொறியும் எனக்குத் திரும்பிப் பாராமலே தெரியும். தள்ளிவிடத்தான் காலில் ஒரு பந்து இல்லை.