மாத்தி விலை

வீட்டுத் தரகு பார்க்கலாம் என்ற எண்ணம் வந்தபோதே பயமும் கூட வந்துவிட்டது. வாரத்தில் ஆறு நாள் துறைமுகத்துக் கம்பெனி ஒன்றில் கணக்கு எழுதினேன். ஓய்ந்த நேரத்தில் சிராங்கூன் ரோட்டுப் பக்கம் காலி வீடு பார்த்து, வேண்டியவர்களுக்கு வாடகைக்குப் பிடித்துக் கொடுப்பதாக ஏற்பாடு.

முதலில் வந்தவர் அந்த ரோட்டிலேயே துணிக்கடை வைத்திருந்த நாகூர்க்காரர். அண்ணன் முறைக்கு நானா என்று கூப்பிடுவேன். கடைக்கு மேலே பரணில் எட்டு ஆண்களோடு படுத்துக்கொண்டிருந்தார். மனைவியும் கைக்குழந்தையும் ஊரில் கப்பலேறிவிட்டார்கள்.

"கப்பல் வர்றதுக்குள்ள வீடு வேணும் தம்பி. பொம்பளையையும் புள்ளையையும் பரண்லயா ஏத்துவேன்?"

குதிரைப் பந்தயத் திடலுக்குப் போகும் சந்தில் தவுக்கே என்று எல்லோரும் கூப்பிடும் சீன முதலாளி ஒருவரின் வீடு காலியாக இருந்தது. சனிக்கிழமை ஆபீஸ் விட்டதும் நான் மட்டும் போனேன்; தவுக்கே திறந்து காட்டினார். நான்கு ஜன்னல், இரண்டு கதவு, ஓட்டில் ஒரே ஒரு உடைசல். சுவரெல்லாம் புதுச் சுண்ணாம்பு. வாடகையைக் கொஞ்சம் குறைக்க முடியுமா என்று எனக்குத் தெரிந்த அரைகுறை மலாயில் கேட்டேன். தவுக்கே கையைக் கட்டிக்கொண்டு ஒரு நீண்ட வாக்கியம் சொன்னார். அதில் எனக்குப் பிடிபட்டது ஒரே சொல். மாத்தி.

மாத்தி என்றால் செத்துப்போவது. அதுவரை எனக்கு அவ்வளவுதான் தெரியும்.

அந்த வருஷம் பக்கத்துச் சந்துகளில் வாந்திபேதி இருந்தது. சாவு விழுந்த வீடுகளில் பாய் தலையணைகளை எரித்துவிட்டு, முனிசிபல் ஆட்கள் சுண்ணாம்பு அடிப்பதை நானே பார்த்திருக்கிறேன். இங்கேயும் சுண்ணாம்பு ஈரம் காயவில்லை. தெருக்குழாயில் மூன்று தடவை கை கழுவினேன். சொன்னால் நானாவுக்கு வீடு இல்லை. சொல்லாவிட்டால் அந்தக் கைக்குழந்தை இந்தச் சுவரோரம்தான் படுக்கும்.

மறுநாள் நானாவை அங்கே கூட்டிப் போனேன். தவுக்கே கதவைத் திறந்துவிட்டு நின்றார். நானா உள்ளே காலெடுத்து வைக்கும்போது சட்டையைப் பிடித்து இழுத்துவிட்டேன்.

"உள்ள போகாதீங்க நானா. இங்க யாரோ செத்திருக்காங்க."

"யாரு சொன்னா?"

"தவுக்கேயே சொன்னார். மாத்தின்னு."

நானாவின் முகம் வெளிறிப்போனது. நேராகத் தவுக்கேயிடம் திரும்பி, இந்த வீட்டில் செத்தது யார் என்று மலாயில் கேட்டார். கடைக்காரக் குரல், சந்து முழுக்கக் கேட்டது. எதிர்வீட்டில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தவள் குழந்தையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனாள். மாட்டுக்காரர் இருவர் நின்று பார்த்தார்கள்.

தவுக்கே என்னைப் பார்த்து இரைந்தபடி வந்தார். சுவரில் முதுகு முட்டும்வரை பின்வாங்கினேன். அடி விழும் என்றுதான் நினைத்தேன். இடையில் புகுந்த நானா அவர் சொன்னதை முழுக்கக் கேட்டார். பிறகு சிரிக்க ஆரம்பித்தவர் நிறுத்தவே இல்லை.

"மாத்தி விலைன்னா செத்த விலை, தம்பி. அசையாது, பேரம் கிடையாதுன்னு அர்த்தம். செத்தது ஆளு இல்ல லா, விலை. சீனப் பெருநாளைக்கு வெள்ளையடிச்சிருக்காரு."

நானா வாசலுக்கு வந்து சந்துப் பக்கம் ஒரு பார்வை பார்த்தார். ஆறு வாசல்களில் ஆட்கள் நின்று முணுமுணுத்துக்கொண்டிருந்தார்கள். சாவு விழுந்த வீடு என்று ஊர் பேசத் தொடங்கிவிட்டது, இனி இந்த வாடகைக்கு யார் வருவார் என்று தவுக்கேயிடம் நிதானமாகக் கேட்டார். தவுக்கேயும் எட்டிப் பார்த்தார். கடைசியில் வாடகையைக் குறைத்து, சாவியை நானாவிடம் நீட்டினார்.

"அவரு மலாயில மாத்தின்னாரு. நான் தமிழ்ல மாத்திட்டேன்," என்றார் நானா.

தவுக்கே என்னை மட்டும் விடவில்லை. இந்த வீட்டில் யாரும் சாகவில்லை என்று சந்து முழுக்க வீடு வீடாகப் போய்ச் சொல்லிவிட்டு வா, இல்லையென்றால் சாவியைத் திரும்ப வாங்கிவிடுவேன் என்று அவர் சொன்னதை நானா தமிழில் சொன்னார். மொத்தம் பதினொரு கதவு. ஒவ்வொன்றாகத் தட்டினேன். ஐந்தாவது வீட்டில் மீசைக்காரர் ஒருவர் பாதிக் கதவைத் திறந்தார். நான் சொன்னதைக் கேட்டுவிட்டு, கதவை இன்னும் கொஞ்சம் சாத்திக்கொண்டார்.

"யாரும் சாகலேன்னா அத ஏன்யா வீடு வீடா வந்து சொல்றே?"

சாவி இன்னும் நானா கையில்தான் இருக்கிறதா என்று திரும்பிப் பார்த்துக்கொண்டு, ஆறாவது கதவைத் தட்டினேன்.