சாவியைத் திருப்பிக் கொடுக்காத ஆள்

பதினோரு வருஷம் ஆகியும் சின்ன ஃபிட்டருக்கு ஆறாத விஷயம் ஒன்று உண்டு. நாலு பேர் முன்னால் பெரிய ஃபிட்டர் தன் மானத்தை வாங்கியது.

இருவருக்கும் வேலை ஒரு குளிர்கிடங்கில். ஆறு அறை, ஆறு இயந்திரம். இயந்திரத்துக்குள் கைவிடுகிறவன் முதலில் மெயின் ஸ்விட்சை அணைத்து, தன் சொந்தப் பூட்டை அதில் மாட்டி, சாவியைத் தன் சட்டைப்பையில் போட்டுக்கொள்ள வேண்டும் என்பது அங்கே சட்டம். ஒரு பூட்டுக்கு ஒரே சாவி. மாட்டியவனே வந்து திறக்கும்வரை முதலாளிகூடத் தொடக்கூடாது. ஒருநாள் அவசரத்தில் சின்ன ஃபிட்டர் பூட்டு மாட்டாமல் பெல்ட் மாற்றப் போய்விட்டார். பெரிய ஃபிட்டர் பார்த்துவிட்டார். தனியாகக் கூப்பிட்டு ரெண்டு அறை விட்டிருந்தால்கூட வாங்கிக்கொண்டிருப்பார். அந்த மனிதரோ லாரி ஏற்றுகிற ஆட்கள்வரை எல்லாரையும் கூட்டி நிறுத்தி, "இவனுக்கு ஏதாவது ஆச்சுன்னா இவன் பொண்டாட்டிக்கு நீ பதில் சொல்வியா, நீ சொல்வியா?" என்று ஒவ்வொருத்தராகக் கேட்டார். அந்த வருஷம் வரவேண்டிய ஃபோர்மேன் வேலை சின்ன ஃபிட்டருக்கு வரவில்லை. நாற்பத்தெட்டு வயதிலும் அவர் சின்ன ஃபிட்டர்தான்.

அன்றோடு பேச்சு நின்றது. பக்கத்தில் நின்றாலும் சின்னவர் சுவரைப் பார்த்து, "அந்த ஸ்பேனரைக் குடுக்கச் சொல்லு" என்பார். சுவர் எதுவும் சொல்லாது. ஸ்பேனர் மட்டும் வந்து சேரும்.

பெரிய ஃபிட்டருக்கு வேறு யாரிடமும்கூடப் பெரிதாகப் பேச்சு கிடையாது. ஸ்க்ரூடிரைவரின் முனையை மோட்டாரிலும் கைப்பிடியைக் காதிலும் வைத்துக் கண்ணை மூடுவார். எந்தப் பேரிங் எந்த வாரம் போகும் என்று சொல்வார், போகும். மனிதர்கள் விஷயத்தில் அந்தக் காது அவருக்கு வாய்க்கவில்லை. மனைவி எட்டு வருஷத்துக்கு முன்னால் தன் தங்கை வீட்டோடு போய்விட்டார். சண்டையா என்று யாரோ கேட்டதற்கு, "சண்டை போடணும்னாலும் எதிர்ல இருக்கற ஆள் வாயைத் திறக்கணுமே" என்றாராம். வெளியூரில் இருக்கும் மகன் மாதம் ஒருதரம் போன் செய்வான். மத்தியானம் பெரியவர் ஒரு பழப்பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு, சுவரைப் பார்த்தபடி சாப்பிடுவார்.

அந்த மழைக்காலத்தில் ஆள் இளைத்துக்கொண்டே வந்தார். ஒருநாள், ஓடாமல் நிற்கிற மோட்டாரில் ஸ்க்ரூடிரைவரை வைத்து அரைமணி நேரம் கேட்டுக்கொண்டிருந்ததைச் சின்னவர் பார்த்தார். நமக்கென்ன வந்தது என்று நகர்ந்துவிட்டார்.

வெள்ளிக்கிழமை சின்னவர் கை கழுவிக்கொண்டிருந்தபோது பெரியவர் வந்து ஒரு சாவியை நீட்டினார்.

"இதை வச்சுக்க."

பதினோரு வருஷத்தில் முதல் பேச்சு. எந்த இயந்திரத்திலோ பூட்டை மாட்டிவிட்டு, திறக்காமல் வீட்டுக்குக் கிளம்புகிறார் என்றுதான் சின்னவர் நினைத்தார். சட்டம் பேசின வாய் இப்போது மாட்டிக்கொண்டது என்று உள்ளுக்குள் ஒரு குளிர்ச்சி. சாவியும் கையுமாக ஆறு ஸ்விட்ச் பெட்டியையும் சுற்றிவந்தார். எதிலும் பூட்டு இல்லை. கடுப்போடு திரும்பினார்.

"எந்த மெஷின்ல மாட்டியிருக்கீங்க? என்னை வச்சு வேடிக்கை பாக்கறீங்களா?"

"வீட்ல. இரும்புப் பெட்டியில."

"அதுக்குள்ள என்ன?"

"நான் தொடக்கூடாததெல்லாம் அதுக்குள்ள போட்டுட்டேன்."

சுற்றிவளைத்துப் பேசச் சின்னவருக்குத் தெரியாது.

"செத்துடலாம்னு தோணுதா?"

"தோணுது. வந்து வந்து போகுது." வேறு யாருடைய காய்ச்சலையோ சொல்வது போலச் சொன்னார். "வந்தா ஒரு மணி நேரம் இருக்கும். அந்த ஒரு மணி நேரம் கைக்கு எட்டாம இருந்தா போதும். திங்கக்கிழமைக்கு டாக்டர்கிட்ட சீட்டு வாங்கியிருக்கேன்."

"மகன்கிட்ட குடுக்கறதுதானே. இத்தனை பேர்ல நான்தானா கெடச்சேன்?"

"மத்தவங்க இரக்கப்படுவாங்க. கெஞ்சினா குடுத்துடுவாங்க. உனக்கு என்னைக் கண்டா ஆகாது. நீ குடுக்கமாட்ட."

சின்னவர் சாவியைத் தன் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். வீட்டுக்குப் போய் மனைவியிடம் விஷயத்தைச் சொல்லி, "எங்க வச்சேன்னு எங்கிட்டகூட சொல்லாதே" என்று சாவியைக் கொடுத்தார்.

"சாவிய வாங்கினீங்க சரி. அந்த மனுஷனைத் தனியாவா விட்டுட்டு வந்தீங்க?" என்றார் மனைவி.

"பூட்டியாச்சுல்ல" என்றார். பூட்டு மாட்டினால் இயந்திரம் நின்றுவிடும் என்று முப்பது வருஷம் பழகின புத்தி. மனிதன் அப்படி நிற்கமாட்டான் என்று ஞாயிற்றுக்கிழமை மூன்று மணிக்குத் தெரிந்தது.

"சாவியைக் கொண்டா" என்றது போன். குரல் தட்டையாக இருந்தது.

"வர்றேன். வைக்காம பேசிட்டே இருங்க." எதிர்முனையில் பேச்சில்லை, மூச்சு மட்டும் கேட்டது. பஸ்ஸில் வழியெல்லாம் சின்னவரே பேசினார். ஒன்பது நிறுத்தத்தையும் பெயர் சொல்லிச் சொல்லி வந்தார். பக்கத்துச் சீட்டுக்காரர் எழுந்து பின்னால் போய்விட்டார்.

அந்த வீட்டுக்குள் அவர் போனது அதுதான் முதல் தடவை. ஒரு நாற்காலி. ஒரு தட்டு, ஒரு டம்ளர். சுவரில் மூன்று மாதமாகக் கிழிக்காத காலண்டர். கட்டிலுக்குக் கீழே இரும்புப் பெட்டி. பெரியவர் அதன் பக்கத்தில் தரையில் உட்கார்ந்திருந்தார்.

"சாவி."

"கொண்டுவரல."

"எப்படா இவன் ஒழிவான்னு இருந்தவன்தானே நீ. இப்ப என்ன நல்லவன் வேஷம்?"

"நல்லவன்னு யார் சொன்னா?"

"கால்ல விழட்டுமா?"

"விழுங்க. எங்க இருக்குன்னு எனக்கே தெரியாது. அவளும் சொல்லமாட்டா, அவளைப் பத்தி உங்களுக்குத் தெரியாது."

பெரியவர் வாய்க்கு வந்தபடி திட்டினார். அவருக்குள் அத்தனை சொல் இருந்தது சின்னவருக்கு ஆச்சரியம். நாற்காலியில் உட்காராமல், அவரும் தரையில் கதவோரமாக உட்கார்ந்து திட்டு முழுவதையும் வாங்கிக்கொண்டார். கொஞ்ச நேரத்தில் திட்டு ஓய்ந்து, தோள் மட்டும் குலுங்கியது. நாலேகாலுக்குப் பெரியவர் தண்ணீர் கேட்டார்.

"போயிடுச்சா?" என்றார் சின்னவர்.

"இப்போதைக்கு."

"திங்கக்கிழமையெல்லாம் வேண்டாம். இப்பவே ஆஸ்பத்திரிக்குப் போலாம். எழுந்திருங்க அண்ணே."

பெரியவர் சட்டை மாற்றிக்கொண்டார். பொத்தான் மாறிப் போயிருந்தது, சின்னவர் சரிபண்ணினார்.

அவசரப் பிரிவில் டாக்டரம்மா ஒருவர் நிதானமாக எல்லாம் கேட்டார். எத்தனை நாளாகத் தூக்கமில்லை, அந்த எண்ணம் எப்போதெல்லாம் வருகிறது, வீட்டில் யார் இருக்கிறார்கள். கடைசிக் கேள்விக்குப் பெரியவர் வெகுநேரம் யோசித்தார். சில நாள் இங்கேயே இருங்கள், தூக்கத்துக்கு மருந்து தருகிறோம், இது குறைகிற நோய்தான் என்றார் டாக்டரம்மா. மகனுக்குச் சின்னவர் போன் போட்டார். அவன் அழுதான், ராத்திரி ரயிலுக்கே கிளம்புவதாகச் சொன்னான்.

வார்டு வாசலோடு வெளியாட்கள் நிற்க வேண்டும். நர்ஸ் பெரியவரின் கைப்பையைச் சோதித்து வாங்கி வைத்துக்கொண்டார். போனை மட்டும் சாயங்காலம் ஒரு மணி நேரம் கையில் தருவோம் என்றார். பெரியவர் இரண்டடி உள்ளே போய்த் திரும்பினார்.

"தம்பி, தினமும் அந்த நேரத்துக்கு ஒரு போன் பண்ணு. பேசணும்னு இல்ல. நான் எடுக்கறேனான்னு மட்டும் பாரு."