குழாய் இல்லாத சோதனை

மாரிகுப்பத்தில் விடியற்காலை ரயில் ஏறி, பெங்களூரில் ஒரு புடவைக் கடையில் நாள் முழுக்க நின்று, இருட்டிய பிறகு வீடு திரும்புகிறவள் நான். பங்காருபேட்டை தாண்டினால் ரயிலில் கழிவறை வாசல்வரை ஆட்கள் நிற்பார்கள். கடையிலோ கூட்டம் விடாது. அடக்கி அடக்கியே பழகிவிட்டது. ஐம்பது தாண்டியதும் உடம்பு தாங்கவில்லை. அடிக்கடி நீர்க்கடுப்பு, காய்ச்சல். போய்விட்டு வந்தாலும் போன மாதிரி இருக்காது.

மருத்துவமனையில் குழாய் செருகி, சிறுநீர்ப்பையில் தண்ணீர் நிரப்பி, சுற்றிலும் ஆட்கள் நிற்க, "இப்ப போங்கம்மா" என்றார்கள். கண்ணீர்தான் வந்தது. சோதனையைப் பாதியில் விட்டார்கள்.

சில வாரம் கழித்து அந்த மருத்துவமனை டாக்டரம்மா கூப்பிட்டார். புதுக் கருவி ஒன்றைப் பரிசோதித்துக்கொண்டிருந்தார்கள். குழாயும் இல்லை, வயரும் இல்லை. அடிவயிற்றில் ஒட்டும் பட்டை. பை நிறைவதையும் காலியாவதையும் அதுவே போனுக்கு அனுப்பும். முட்டும்போது நான் ஒரு பொத்தானை அமுக்க வேண்டும். நான் ஒத்துக்கொண்டது விஞ்ஞானத்துக்கு உதவ அல்ல. அந்தக் குழாய் வேண்டாம், அவ்வளவுதான்.

ஒட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்ததும் கணவர் பார்த்துவிட்டார்.

"இன்னாடி இது, வயித்துல லைட்டு எரியுது?"

"நான் பாத்ரூம் போறேனான்னு பாத்துகினு கீது."

சிரித்தார். பிறகு எனக்குச் சோறு போட்டு வைத்தார்.

மறுநாள் முழுக்க அதோடு வேலை பார்த்தேன். வியர்வையில் பட்டை அரித்தது. திரும்பி வரும்போது ரயிலில், நான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்பதைப் பார்த்து, தினமும் கூட வரும் பெண் எழுந்துகொண்டாள். "இன்னாக்கா, ஆபரேசனா? உக்காருங்க." விளக்கத் தெம்பில்லை. உட்கார்ந்துவிட்டேன்.

பட்டையைக் கழற்றப் போனபோது டாக்டரம்மா போன் திரையில் கோடுகளைக் காட்டினார். "காலைல ரயில்ல விடாம அமுக்கியிருக்கீங்க. அப்புறம் மதியம் வரைக்கும் ஒண்ணுமே இல்ல. ஆனா பை நிறைஞ்சுதான் இருந்திருக்கு."

"கொஞ்ச நேரத்துல முட்டுறது நின்னுடும்மா."

"போய்ட்டு வந்தப்புறமும் பாதி உள்ளேயே நிக்குது." கொஞ்சம் தயங்கினார். "ஆனா கருவி சரியாச் சொல்லுதான்னு நாங்க பாக்கணும். இன்னொரு தடவை குழாய் வெச்சு ஒப்பிடணும்."

கோபப்படக்கூட அலுப்பாக இருந்தது. "நீங்க ஒருத்தர் மட்டும் இருக்கிறதுன்னா செய்யுங்க" என்றேன்.

அப்படியே செய்தார். திரையை இழுத்துவிட்டு, கைகழுவும் தொட்டியில் தண்ணீரைத் திறந்துவிட்டு, முகத்தைத் திருப்பிக்கொண்டார். வெகுநேரம் கழித்து, கொஞ்சம் கொஞ்சமாக வந்தது. கருவி சொன்னதும் இதுவும் ஒத்துப்போயின.

இப்போது மாத்திரை சாப்பிடுகிறேன். போனதும் உடனே எழுந்துவிடாமல், சற்றுப் பொறுத்து இன்னொரு முறை முயல வேண்டுமாம். கடையில் மேற்பார்வையாளரிடம் சொல்லிவிட்டு நடுவில் போய் வருகிறேன். முகத்தைச் சுளிக்கிறார், சுளிக்கட்டும். காய்ச்சல் வருவது குறைந்திருக்கிறது.

போன வாரம் டாக்டரம்மா போன் செய்தார். பட்டையைத் திருத்தியிருக்கிறார்களாம், அரிக்காதாம். இன்னொரு நாள் ஒட்டிக்கொள்ள முடியுமா என்றார். "வேலை நாளாப் பாத்து வெச்சுக்குங்கம்மா" என்றேன். "லீவு நாள்ல நான் தூங்கணும்."