அந்தோனியார் கோயில் ஒலிபெருக்கியில் சூசையின் பெயர்

ஆண்டவருக்குள் அன்பானவர்களே, என் பெயர் மரியதாஸ். குருநகரில் கடற்றொழில் செய்கிறேன். நான் கேட்ட ஜெபத்துக்கு நேர்மாறான ஒன்றுதான் எனக்குக் கிடைத்தது. அதையே பதில் என்று சொல்லத்தான் வந்திருக்கிறேன். குழப்பமாக இருக்கிறதா? எனக்கும்தான்.

போனில் கிரிக்கெட் பந்தயம் கட்டும் பழக்கம் என்னைப் பிடித்திருந்தது. முதலில் பகிடிக்கு, சும்மா விளையாட்டாக. பிறகு எந்த நாடு எந்த நாட்டோடு விளையாடுகிறது என்றுகூடப் பார்க்காமல் கட்டினேன். கடலுக்குப் போனாலும் கண் வலையில் இல்லை, சிக்னலில். வெளியில் எல்லாரையும் சிரிக்க வைத்தேன். வயிற்றுக்குள் இரவும் பகலும் ஒரு என்ஜின் ஓடியது.

காசெல்லாம் தோற்று, கடைசியில் உண்மையான என்ஜினிலேயே கை வைத்தேன். அது எனக்கும் என் மனைவி ரீற்றாவின் அண்ணன் சூசைக்கும் பொதுவான படகின் என்ஜின். சூசை என் சிறுவயதுக் கூட்டாளியும்கூட. பழுதாம், திருத்தக் கொடுக்கிறேன் என்று அவனிடம் சொல்லிவிட்டு, விற்பதற்கு அரியாலைக்காரர் ஒருவரோடு பேசி முடித்தேன். செவ்வாய்க்கிழமை கோயிலில் நவநாள் வழிபாடு முடிந்ததும் அவர் லொறியோடு வருவதாக ஏற்பாடு.

இதற்கிடையில், எப்படி வெல்லலாம் என்று போனில் தேடப்போக, சூதாட்டத்தை விட விரும்புகிறவர்கள் தாங்களாகவே படிக்கும் இணையவழிப் பாடம் ஒன்று வந்து நின்றது. இலவசம். தமிழிலும் இருந்தது. சொந்தப் பெயர் வேண்டாம், விருப்பமான பெயர் ஒன்றைத் தாருங்கள் என்றது. ‘சூசை’ என்று கொடுத்தேன். ஊரிலேயே பந்தயத்தின் வாசனை தெரியாத மனிதன் அவன்தான். என் பகிடி அப்படி.

ஆசை எழும்பினால் கொஞ்சம் தள்ளிப்போடுங்கள், மூச்சை ஆழமாக இழுங்கள் என்று அது சொல்லித் தந்தது. ஆட்டம் தொடங்கும் மாலை நேரத்தில் ஒரு குரல் நினைவூட்டும்படியும் வைத்தேன். ஒரு பாடத்தில் மட்டும் முட்டிக்கொண்டேன்: ‘நீங்கள் நம்பும் ஒருவரிடம் இதைச் சொல்லுங்கள்.’ சொல்லிவிட்டீர்களா என்று கேட்டது. ஆம் என்று அழுத்திவிட்டேன். போனுக்குச் சொன்ன பொய்யையும் சுவாமியாரிடம் பாவசங்கீர்த்தனத்தில் சொல்ல வேண்டுமா என்று அது வேறு குழப்பம்.

அந்தச் செவ்வாய்க்கிழமை கோயிலில் முழங்காலில் நின்று கேட்டேன்: “அந்தோனியாரே, இந்தப் பிசாசை எடுத்துவிடும். ஆனால் ரீற்றாவுக்கும் சூசைக்கும் தெரியாமல் எடும்.”

நவநாளுக்கு முன் ஒலிபெருக்கியில் பாட்டுப் போடுவது என் பொறுப்பு. என் போனைப் புளூடூத்தில் இணைத்துவிடுவேன். அன்று பாட்டு முடிந்ததும் இணைப்பைத் துண்டிக்க மறந்தேன். மனம் அரியாலை லொறியில் இருந்தது. எல்லாரும் மௌனமாகச் செபித்துக்கொண்டிருந்த வேளை, தெருமுனை வரை கேட்கும் சத்தத்தில் ஒரு பெண் குரல்:

“வணக்கம், சூசை. பந்தயம் கட்ட வேண்டும் போல் இருக்கிறதா? பதற்றப்படாதீர்கள். மூச்சை ஆழமாக இழுங்கள்.”

முன்வரிசைக் கிழவர்கள் இரண்டு பேர் கீழ்ப்படிந்து மூச்சை இழுத்தார்கள். மற்ற எல்லாரும் சூசையைப் பார்த்தார்கள். பெண்கள் பக்கத்தில் அவன் மனைவி பிலோமினா எழும்பிவிட்டாள்.

“என்னப்பா, உதுக்குத்தானே என்ஜின் பழுதெண்டு சொன்னனீங்கள்?”

“ஐயோ, அந்தோனியாராணை எனக்கு ஒண்டும் தெரியாதடி!”

போனை அணைக்கப் பாய்ந்தேன். அவசரத்தில் சத்தத்தைக் கூட்டிவிட்டேன். “இன்னொரு முறை இழுங்கள், சூசை” என்றது அது.

சகோதரரே, வாயை மூடிக்கொண்டிருந்தால் நான் தப்பியிருப்பேன். பழி சூசையின் தலையில் பொருத்தமாக உட்கார்ந்திருந்தது. அந்தோனியாரின் சொரூபத்தைப் பார்த்தேன். ரகசியமாக எடும் என்றுதானே கேட்டேன், இதுவா ரகசியம்? பிறகு சூசையைப் பார்த்தேன். அவன் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். நீயாவது இவர்களுக்குச் சொல்லடா என்று கேட்கும் பார்வை. என்மேல் அவனுக்குத் துளி சந்தேகமும் இல்லை. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

ஒலிவாங்கியை எடுத்தேன்.

“அது நான். சூசையின்ரை பேரை மட்டும் எடுத்தனான். என்ஜினும் பழுதில்லை. விக்கப் பாத்தனான்.”

பங்குச் சுவாமியார் என் கையிலிருந்து ஒலிவாங்கியை வாங்கினார். பிறகு, “சரி, எல்லாரும் ஒருக்கா மூச்சை இழுங்கோ. தொடருவம்” என்றார்.

வெளியே வந்ததும் சூசை, “மச்சான், களவெடுக்க உனக்கு என்ரை பேர்தானே கிடைச்சது?” என்றான். சிரிக்கவில்லை. நேரே போய், என்ஜினை ஏற்ற வந்து நின்ற லொறியைத் திருப்பி அனுப்பினான். ரீற்றாவின் கண் கலங்கியிருந்தது.

“எனக்குச் சொல்ல ஏலாமல், போனுக்குள்ளை இருக்கிறவளுக்குச் சொல்லியிருக்கிறியள், என்ன?”

ஒருவரிடம் சொல்லச் சொன்ன பாடத்தை, நான் கோயில் பங்கு மக்கள் முழுப்பேருக்கும் சொல்லி முடித்தேன்.

இப்போது சொந்தப் பெயரில் படிக்கிறேன், ரீற்றா பக்கத்தில் இருக்க. கரையில் நிற்கும் நாட்களில், ஆட்டம் தொடங்கினால் போன் அவள் கையில். ஆசை இன்னும் வருகிறது, பொய் சொல்ல மாட்டேன். சூசை என்னோடு கதைக்கச் சில கிழமைகள் பிடித்தன. இப்போது படகில் அந்தக் குரல் “வணக்கம், மரியதாஸ்” என்றால், “இழு மச்சான்” என்று அவனும் சேர்ந்து மூச்சை இழுக்கிறான். என்ஜின் எங்கள் முதுகுக்குப் பின்னால் ஓடிக்கொண்டிருக்கிறது.

இது அந்தோனியாரின் வேலையா, என் மறதியா என்று எனக்கு இன்னும் பிடிபடவில்லை. இரண்டுக்குமாக மெழுகுதிரி கொளுத்துகிறேன். உங்களில் யாராவது, ‘ஒருவருக்கும் தெரியாமல் காப்பாற்றும்’ என்று மன்றாடிக்கொண்டிருந்தால், நம்பி மன்றாடுங்கள், அவர் கேட்கிறார். ஆனால் இன்றைக்கே ஒருவரிடம் சொல்லியும் விடுங்கள். ஒலிபெருக்கி வரை காத்திருக்க வேண்டாம்.