அவன் நேராக்கிய முதுகு

என் வலது பாதம் தானாக உயராது. நடந்தால் விரல்கள் தரையில் உரசும். அதனால் கெண்டைக்காலோடு சேர்த்து ஒரு பிளாஸ்டிக் பட்டை கட்டியிருக்கிறேன். இதற்கு யார் காரணம் என்று கேட்டால் மழையைச் சொல்லலாம், தோட்டத்தைச் சொல்லலாம். நான் அவனைத்தான் முதலில் சொல்வேன். மன்னித்து விடு என்று எங்கள் லயத்து வரிசை வீடுகளில் பலர் சொல்லிப் பார்த்தார்கள். எனக்கு மனசு வரவில்லை.

எங்கள் தேயிலைத் தோட்டம் அப்புத்தளைக்கு மேலே. பதினெட்டு வயதில் கொழுந்து எடுக்கப் போனேன். இருபத்திரண்டு வருஷம் தலையில் கயிற்றை மாட்டி, முதுகில் பையைச் சுமந்தேன். ஒரு மழை நாள் பை நிறைந்து நிறுவைக்கு இறங்கிக் கொண்டிருந்தேன். தண்ணீர் ஓடும் கானோரம் கால் சறுக்கி, இடுப்பு கல்லில் அடிபட விழுந்தேன். மேலே நின்ற கங்காணி கத்தினார்:

"கொழுந்து கொட்டிருச்சா?"

நான் எழுந்தேனா என்று கேட்கவில்லை.

தோட்டத்து டிஸ்பென்சரியில் இருந்தவர் என்னை நிமிர்ந்துகூடப் பார்க்காமல், "எந்தப் பொம்பளைக்கு இங்க இடுப்பு வலி இல்ல?" என்று இரண்டு மாத்திரையைக் காகிதத்தில் மடித்துத் தந்தார். மூன்று மாதம் அதே மாத்திரையை வாங்கி வாங்கி விழுங்கிக்கொண்டு வேலைக்குப் போனேன். வலி இடுப்பை விட்டு இறங்கி, தொடையின் பின்பக்கம் மிளகாய் அரைத்துப் பூசியது போல எரிந்தது. அப்போதுதான் லயத்தில் பக்கத்துக் காம்பராவில் குடியிருக்கும் அக்கா சொன்னாள்: "பண்டாரவளையில ஒருத்தர் முதுகெலும்ப நேராக்கி விடுறாராம். ஊசி இல்ல, மருந்து இல்ல. ஒரு தடவ போய்ப் பாரேன்."

ஒரு ஹார்ட்வெயார் கடைக்கு மேல்மாடியில் அவன் இருந்தான். வெள்ளைக் கோட்டு, சென்ட் வாசம், சுவரில் கண்ணாடி போட்ட இங்கிலீஷ் சர்டிபிகேட். கொக்கியில் பிளாஸ்டிக் முதுகெலும்பு ஒன்று தொங்கியது. ஆள் தமிழன்தான். டொக்டர் என்று கூப்பிட்டால்தான் திரும்பிப் பார்ப்பான்.

"எங்கக்கா வலிக்குது? எப்ப தொடங்கிச்சு? படுத்தா கூடுதா, நடந்தா கூடுதா?"

கால் மணி நேரம் கேட்டான். நான் சொல்லி முடிக்கும்வரை குறுக்கே பேசவில்லை. விழுந்த கதையைச் சொல்லும்போது எனக்கு அழுகை வந்துவிட்டது. அத்தனை வருஷத்தில் என் முதுகைப் பற்றி ஒருவரும் அப்படிக் கேட்டதில்லை. அவன்மேல் எனக்குள்ள வெறுப்பில் பாதி இதற்காகத்தான். கேட்கத் தெரிந்தவன் அவன். கேட்டதை வைத்து என்ன செய்தான் என்பதுதான் கதை.

"எலும்பு ஒண்ணு விலகியிருக்கு. சுகர், பிரஷர், தூக்கம் வராதது, எல்லாத்துக்கும் இதுதான் காரணம். நேராக்கிட்டா எல்லாம் சரியாகிடும்."

ஒருபக்கமாகப் படுக்க வைத்து, தோளை ஒரு பக்கமும் இடுப்பை மறுபக்கமும் அழுத்தி ஒரே முறுக்கு. 'மளுக்' என்றது. எழுந்து நின்றால் உடம்பு பஞ்சு போல இருந்தது. இரண்டு நாள் அப்படியே இருந்தது. அந்த இரண்டு நாளும் மலையில் அவன் புகழைத்தான் பாடினேன். இப்போது நினைத்தால் என் வாயிலேயே அடித்துக்கொள்ளலாம் போலிருக்கிறது.

மூன்றாம் நாள் வலி திரும்ப வந்தது. நானும் திரும்பப் போனேன். கிழமைக்கு ஒரு தடவை என்று வழக்கமாகிவிட்டது. "இனிமே குனியவே கூடாது. நிமிர்ந்து நின்னு கொழுந்து எடுங்க," என்றான். எங்கள் மலையை அவன் ரயில் ஜன்னலிலிருந்துகூடப் பார்த்ததில்லை போல. சுவர் மாதிரி நிற்கும் சரிவில் நிமிர்ந்து நிற்கப் பார்த்தேன். "என்னம்மா, ராணி மாதிரி நிக்கிற?" என்றார் கங்காணி. எல்லோரும் சிரித்தார்கள்.

ஐந்தாவது தடவை போனபோது அவனிடம் சொன்னேன்:

"டொக்டர், பெருவிரல் மரத்துப் போச்சு. செருப்பு கழண்டு போறதுகூடத் தெரியல."

"ரொம்ப நல்லதுக்கா. அடைபட்ட நரம்பு தொறக்குது. அப்பிடித்தான் இருக்கும்."

"ஒருக்கா ஆஸ்பத்திரியில காட்டவா?"

"காட்டினா கத்தி வைப்பாங்க. அப்புறம் படுக்கைதான். ஒங்க இஷ்டம்."

பயந்து போனேன். அவன் எதிர்பார்த்ததும் அதுதான். அதற்குப் பிறகும் மூன்று கிழமை போய் அந்தக் கட்டிலில் படுத்தேன். கடைசி நாள் முறுக்கியபோது காலில் நெருப்புப் பாய்ந்தது. வாய்விட்டுக் கத்தினேன். "சின்னப் புள்ளையா நீங்க?" என்று சிரித்தான். படி இறங்கும்போது பாதம் உயரவில்லை. கடைசி மூன்று படியும் உருண்டு விழுந்தேன். ஹார்ட்வெயார் கடைக்காரர்கள் ஓடிவந்து தூக்கினார்கள். அவன் மேல்படியில் வந்து நின்று பார்த்தான். பிறகு உள்ளே திரும்பி அடுத்த ஆளைக் கூப்பிட்டான்.

மறுநாள் பக்கத்துக் காம்பரா அக்கா என்னைத் தாங்கிப் பிடித்து பஸ் ஏற்றி பதுளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனாள். டொக்டர் ஒரு சிங்களப் பெண், வயது முப்பதுகூட இருக்காது. பாதத்தை உயர்த்தச் சொன்னார். முக்கிப் பார்த்தேன், அது அசையவில்லை. எப்போது மரக்கத் தொடங்கியது என்று கேட்டார். மூன்று கிழமைக்கு முன்னால் என்றதும் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். ஸ்கேன் எடுத்த பிறகு சிங்களத்தில் மெதுவாக விளக்கினார். எலும்பு எங்கேயும் விலகவில்லை. இரண்டு எலும்புக்கு நடுவில் இருக்கும் மெத்தை பிதுங்கி நரம்பை நசுக்குகிறது. மரத்துப்போனது என்று சொன்ன அன்றே அந்த ஆள் உங்களை இங்கே அனுப்பியிருக்க வேண்டும் என்றார்.

ஒப்பரேஷன் செய்தார்கள். எரிச்சல் போய்விட்டது. பாதத்துக்கு மட்டும் பலம் திரும்பி வரவில்லை.

இரண்டு மாதம் கழித்து, தடி ஊன்றி அந்த மாடிப்படி ஏறினேன். சுவரோர மர வாங்கில் நான்கு பேர் உட்கார்ந்து காத்திருந்தார்கள். அவன் சிரித்துக்கொண்டே வந்தான்.

"அக்கா! எவ்வளவு நாளாச்சு!"

செருப்பைக் கழற்றிக் காலை நீட்டினேன். "இதத் தூக்கிக் காட்டுங்க டொக்டர்."

அவன் முகம் மாறவே இல்லை. "பாதியில நிப்பாட்டிட்டீங்க. அதான் இப்பிடி."

"மரத்துப் போச்சுன்னு ஒங்ககிட்ட சொன்னேனா இல்லையா?"

"இங்க சத்தம் போடாதீங்க. ஆளுங்க இருக்காங்க."

ஆட்கள் இருந்தார்கள் என்பதற்காகத்தான் போனேன். அவர்கள் பக்கம் திரும்பினேன். "கால் மரத்தா இவன்கிட்ட நிக்காதீங்க. நேரா ஆஸ்பத்திரிக்குப் போங்க. நான் நிக்கிற நெலமையப் பாருங்க." 'இவன்' என்று அவன் முகத்துக்கு நேரே சொன்னது அதுதான் முதல் தடவை. இரண்டு பேர் எழுந்து போனார்கள். ஒருவர் போனையே பார்த்துக்கொண்டிருந்தார். லுணுகலையிலிருந்து வந்த ஒரு அம்மா மட்டும் இடுப்பைப் பிடித்தபடி எழுந்து என் கையைத் தொட்டாள்.

"நீ சொல்றது சரிதான் தங்கச்சி. ஆனா மத்த எடத்துல என்னைய யாரு கேக்குறா? இவராவது கேக்குறாரு."

சொல்லிவிட்டு அவன் அறைக்குள் போய்விட்டாள். பஸ் ஸ்டாண்ட் வரும்வரை அவள்மேலும் ஆத்திரம் ஆத்திரமாக வந்தது.

எழுதத் தெரிந்த ஒரு பிள்ளையைப் பிடித்து அரசாங்க சுகாதாரக் கந்தோருக்குப் புகார் எழுதிக் கொடுத்தேன். அவன் கதவு இரண்டு கிழமை பூட்டிக் கிடந்தது. பிறகு புதுப் போர்டு மாட்டித் திறந்துவிட்டான். போர்டில் டொக்டர் என்ற சொல் மட்டும் இல்லை. வாங்கில் ஆட்கள் அதேபோல்தான் இருக்கிறார்களாம்.

இனி மலையேற முடியாது என்று என்னைப் பிள்ளைக் காம்பராவுக்கு மாற்றினார்கள். தாய்மார் வேலைக்குப் போன பிறகு குழந்தைகளைப் பார்த்துக்கொள்கிற வேலை. பாரம் தூக்கக் கூடாது என்று ஆஸ்பத்திரியில் கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறார்கள். நடக்கப் பழகுகிற ஒரு பெண்பிள்ளை தினமும் என் சேலையைப் பிடித்துக்கொண்டு தூக்கச் சொல்லி அழும். நான் தரையில் காலை நீட்டி உட்கார்ந்து, "ஏறி வா, நீயே ஏறி வா," என்று மடியைத் தட்டுவேன். அது ஏறுகிற வரைக்கும் அவனைத் திட்டிக்கொண்டுதான் இருப்பேன். பிள்ளை காதில் விழாதபடி, வாய்க்குள்ளேயே.