பச்சத்தோலுக்காரன் தாகமும் தங்கப்பொண்ணு டிக்கட்டும்

"மைக்க வச்சாச்சு! எம்பொண்டாட்டி மண்ணுல உக்காந்திருக்க வரைக்கும் அந்த வானத்துப்பய தாகத்தோடயே நிக்கட்டும்!"

கண்ணுச்சாமி வெடுக்குனு இப்பிடிச் சொன்னது, டூரிங் கொட்டாயில எடைவேளை முடிஞ்சு படம் திரும்ப ஓட ஆரம்பிச்ச நேரத்துல. மைக்க வச்சாச்சுன்னானே ஒழிய அணைக்கல. கொட்டாயில இருந்த அம்புட்டுப் பேரு காதுலயும் விழுந்துச்சு.

எம்பத்திமூணாம் வருசம் அது. அலங்காநல்லூருக்கு மேக்க அந்தக் கொட்டாயி. வேலிக்குள்ள டீக்கட போட்டிருந்தது நானு. புருசன் செத்து எட்டு வருசம், யாருகிட்டயும் கை ஏந்தாமப் பொழச்சேன். அதனால நான் பாத்தத பாத்தபடி சொல்லுவேன். எவனுக்கும் பயந்து சொல்ல வேண்டியதில்ல.

கண்ணுச்சாமி காலனி ஆளு. பட்டாளத்துல பதினஞ்சு வருசம் லாரி ஓட்டிட்டு வந்தவன். இங்கிலீசு அங்க பழகுனது. எங்க ஊருப் பக்கம் இங்கிலீசுப் படம் போட்டா, என்ன பேசுறான்னு ஒரு நாய்க்கும் புரியாது. அதுக்கு ஒரு ஏற்பாடு உண்டு. மிசினு ரூம்பு பக்கத்துல ஒரு ஆளு மைக்கப் பிடிச்சுக்கிட்டு, படம் ஓட ஓட தமிழ்ல கதை சொல்லணும். அந்த ஆளு கண்ணுச்சாமிதான். அவன் சொன்னா வெள்ளக்காரன் நம்ம சந்தையில நின்னு பேசுற மாதிரி இருக்கும். படத்த விட்டுப்புட்டு அவன் தொண்டைக்காகவே வந்தவுக உண்டு.

படம் வர்றதுக்கு முந்தின நாளு, கொட்டாய் மொதலாளி அவன பஸ் ஏத்தி மதுரைக்கு அனுப்புவாரு. "சேர்ல உக்காந்து நல்லாப் பாத்துட்டு வாடா, கதையில ஒண்ணும் விட்றக் கூடாது"ம்பாரு. மதுரையில அவன் சேர்ல உக்காருவான். யாரும் கேக்க மாட்டாக. எங்க கொட்டாயில காலனி ஆளுகளுக்கு ஓரமாக் கவுறு கட்டி விட்ருக்கும். கவுத்துக்கு அந்தப் பக்கம் மண்ணுதான். கையில காசிருந்தாலும் மண்ணுதான்.

இந்தத் தடவ மதுரைக்குப் போய்ட்டு வந்தவன் நேரா என் கடைக்கு வந்தான்.

"யக்கா, இந்தப் படம் வேற மாதிரிக்கா. வானத்துல இருந்து ஒருத்தன் வந்து எறங்குறான். பச்சத்தோலு. காது கெடையாது. ஒருத்தனும் ஒரு சொட்டுத் தண்ணி குடுக்க மாட்டேங்குறான். கெணத்துக்குப் பூட்டுப் போடுறானுக, கல்லக் கொண்டி எறியுறானுக. அவன் யாரையும் ஒண்ணுமே செய்யலக்கா."

"அப்பறம் எதுக்கு எறியுறானுக?"

"வேற தோலுல்ல."

சொல்லிட்டு என்னையவே பாத்தான். நான் டீயாத்திக்கிட்டு இருந்தேன். அவனுக்குன்னு ஒரு அலுமினிய டம்ளரு வெளிய ஆணியில தொங்கும். அவனே எடுத்து நீட்டணும், நான் மேலாக்க ஊத்தணும், குடிச்சிட்டு அவனே கழுவி மாட்டணும். அந்த டம்ளர வச்சது வேற யாருமில்ல, நாந்தான். மூடி மறைக்க என்ன இருக்கு?

"நாளைக்கு எம்பொண்டாட்டி தங்கப்பொண்ண சேர் டிக்கட் எடுக்கச் சொல்லிருக்கேன்"னான்.

"ஒனக்கு எதுக்குப்பா இந்த வம்பு?"ன்னேன்.

"வம்பு நான் இழுக்கலக்கா. படம் பாக்கப் போறா, அம்புட்டுத்தான்."

மறுநா பொழுது சாஞ்சு மொத ஆட்டம். தங்கப்பொண்ணு கண்டாங்கிச் சேலையக் கட்டிக்கிட்டு வந்து டிக்கட் எடுத்துட்டா. டிக்கட் குடுக்குறது ஒரு ஓட்டை வழியா. உள்ள இருக்குறவனுக்கு கை மட்டுந்தான் தெரியும். கையப் பாத்து என்ன கண்டுபிடிப்பான்? கிழிச்சுக் குடுத்துட்டான். அவளும் போயி பொம்பளையாளுக பக்கம் மொத வரிசைச் சேர்ல உக்காந்துட்டா.

டார்ச் லைட்டு பேயாண்டி கண்டுக்கிட்டான். மூஞ்சியில லைட்ட அடிச்சு, "ஏய், எந்திரி. ஒன் எடம் எதுன்னு தெரியாது?"ன்னான். டிக்கட்டக் காட்டுனா. "அத வச்சு விசிறிக்க"ன்னு சொல்லி கவுத்துக்கு அந்தப் பக்கம் வெரட்டி விட்டான். கண்ணுச்சாமி மிசினு ரூம்பு பக்கம் இருந்தானா, அவனுக்கு இது தெரியாது. கதை சொல்ல ஆரம்பிச்சுட்டான்.

என்னமாச் சொன்னான்! பச்சத்தோலுக்காரன் வீடு வீடா நிக்கிறான், கதவு கதவாச் சாத்துறாக. "நானும் அம்மா வயித்துல பொறந்தவந்தான்யா"ன்னு கண்ணுச்சாமி கேட்டப்ப பெஞ்சுல இருந்தவன்லாம் மூக்கச் சிந்துறான். எனக்கு எரிச்சலு எதுலன்னா, அந்தப் பேயாண்டி தூணுல சாஞ்சுக்கிட்டு துண்டால கண்ணத் தொடைக்கிறான். அரை மணி நேரத்துக்கு முந்தி ஒருத்திய வெரட்டுன அதே கையி! மனுசன மனுசன் மிதிக்கிறத நேரா எடுத்துக் காட்டுனா கொட்டாயக் கொளுத்திருவாக. அதுக்காகத்தான் படம் எடுக்குறவன் பச்சப் பெயிண்ட அடிச்சு, வானத்துல இருந்து வந்தான்குறான். தூரத்துல உள்ளவனுக்கு அழுகுறது லேசு. பக்கத்துல உள்ளவளுக்கு எடம் விடணும்ல.

எடைவேளையில தங்கப்பொண்ணு போயி புருசங்கிட்டச் சொல்லிட்டா. அவன் நேரா என் கடைக்கு வந்து ஆணியில இருந்த டம்ளர எடுத்து நீட்டுனான். ஊத்துனேன். குடிக்காம பலகையில வச்சுட்டுப் போயிட்டான்.

படம் தொடங்குச்சு. பச்சத்தோலுக்காரன் உதடு வெடிச்சு ஒரு பொம்பள வீட்டு வாசல்ல நிக்கிறான், கைய நீட்டுறான். அவ கதவப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறா. அந்த எடத்துலதான் மைக்க வச்சான்.

மிசினு ஓட்டுறவனும் படத்த அப்பிடியே நிறுத்திட்டான். "குடுத்தாளா இல்லையா, சொல்லுய்யா!"ன்னு ஒரே கூப்பாடு. மொதலாளி வேட்டிய மடிச்சுக் கட்டிக்கிட்டு ஓடி வந்தாரு.

"டேய், ஒனக்குப் பித்தம் தலைக்கேறிருச்சா? மைக்க எடுடா!"

"மதுரையில சேர்ல உக்காந்து பாத்துட்டு வாடான்னு அனுப்புனது நீங்கதான மொதலாளி? அங்க நான் உக்காந்த சேரு கெட்டாப் போச்சு? இங்க இவ உக்காந்தா மட்டும் கெட்டுருமா?"

"நாளையில இருந்து ஒனக்கு வேல கெடையாது!"

"நாளைக்குத்தான? இன்னிக்குக் கதைய முடிக்கணும்ல. அவ சேரு எங்க?"

மொதலாளிக்கு வீம்பு. தல்லாகுளத்துல இருந்து மக வீட்டுக்கு வந்திருந்த பஞ்சாபகேசன் வாத்தியாரப் பிடிச்சு, இங்கிலீசு தெரிஞ்சவருன்னு மைக்கக் குடுத்தாரு. பாவம், அவரு, "அன்னியன் தண்ணீர் வேண்டுகிறான். பெண்மணி சிந்திக்கிறாள்"னு ஆரம்பிச்சாரு.

"யோவ் வாத்தியாரே, பாடம் நடத்தாத, எறங்கு!"ன்னு மண்ண வாரி எறிஞ்சாங்க. அவரு மைக்கப் போட்டுட்டு ஓடியே போயிட்டாரு.

பெஞ்சுல இருந்து ஒருத்தன் எந்திரிச்சான். "அந்தப் பொம்பளைய சேர்ல உக்கார விட்டுத் தொலைங்கய்யா! எங்களுக்குக் கதை வேணும்!" ஒருத்தன் கத்துனதும் எல்லாரும் கத்துனாங்க. நாயத்துக்காகக் கத்துனாங்கன்னு நெனைக்காதீக. கதை பாதியில நிக்குதேங்குற அரிப்பு. எதுக்காகக் கத்துனா என்ன, மொதலாளி எறங்கி வந்துட்டாரு. "போயி உக்காரு, போ"ன்னாரு.

தங்கப்பொண்ணு கவுத்தத் தூக்கிக்கிட்டு வந்தா. குனிஞ்செல்லாம் வரல. அதே மொத வரிசை, அதே சேரு. பக்கத்துல இருந்த ரெண்டு பேரு மொகத்தச் சுளிச்சுக்கிட்டு எந்திரிச்சாளுக. வேற சேரு காலி இல்ல. போயி மண்ணுல உக்காந்தாளுக. எனக்கு வந்த சிரிப்புக்கு டீச்சட்டியே கவுந்திருக்கும்.

படம் திரும்ப ஓடுச்சு. "குடுத்துட்டாய்யா!"ன்னு கண்ணுச்சாமி கொரலு வந்துச்சு. "குடுத்துட்டா! தனி டம்ளரு இல்ல, அவ வாய் வச்சுக் குடிக்கிற டம்ளர்லயே குடுத்துட்டா!"

விசிலு கூரையப் பிச்சுக்கிட்டுப் போச்சு. படத்துல அந்தப் பொம்பள வாயே தெறக்கல. தனி டம்ளருன்னு எந்த வெள்ளக்காரன் எழுதிருப்பான்? அது எனக்குச் சொன்னது. சுருக்குனு குத்துச்சு.

அன்னிக்கே நான் திருந்திட்டேன்னு சொன்னா அது பொய்யி. அவன் என் கடைப் பக்கமே வரல. பலகையில கெடந்த டம்ளர நாந்தான் எடுத்து மாட்டுனேன். பத்து நாளு அது ஆணியில ஆடிக்கிட்டே என்னைய மொறைச்சுச்சு. பதினோராம் நாளு பிடுங்கி எறிஞ்சுட்டு, காலனிக்கே நடந்து போனேன். "வாப்பா, கண்ணாடி கிளாஸுல தாரேன்"னேன். "சரிக்கா, வாரேன்"னான். வந்தான், குடிச்சான். பெஞ்சுல உக்காந்துதான் குடிச்சான். அதுக்காக என் கடைய விட்டுப் போனவன் போனான், போகட்டும்னு விட்டேன்.

மொதலாளி அவனத் திரும்பக் கூப்புடல. திருமங்கலத்துல லாரி ஓட்டப் போயிட்டான். அதுக்கப்பறம் இங்கிலீசுப் படமும் எங்க கொட்டாயில ஓடல. சொல்றதுக்கு ஆளு வேணும்ல.

தங்கப்பொண்ணு மட்டும் வாராவாரம் வந்தா. கவுறும் பிஞ்சு போச்சு, எவனும் திரும்பக் கட்டல. ஒரு நா கேட்டேன், "ஏண்டி, சேரு எப்பிடித்தான் இருக்கு?"

"அட போக்கா, ஒரே மூட்டப்பூச்சி. மண்ணே தேவல."

"பெறகு எதுக்குடி அதையே எடுக்குற?"

"கடிச்சாலும் என்னையச் சேர்ல வச்சுல்ல கடிக்குது"ன்னு சொல்லிட்டு, டிக்கட் ஓட்டைக்குள்ள கைய விட்டா. சேர் டிக்கட்டு அப்ப ஒண்ணே கால் ரூவா.