தலைக்கட்டுக்கு ஒரு படி

திருப்பூரில் எனக்குப் பிடித்தது, அங்கே யாரும் என்னை எதுவும் கேட்கமாட்டார்கள் என்பதுதான். பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை. டியூப்லைட் வெளிச்சத்தில் டீசர்ட்டை மேசைமேல் விரித்து, ஓட்டை இருக்கிறதா, எண்ணெய்க் கறை இருக்கிறதா, தையல் விட்டிருக்கிறதா என்று பார்த்து, குறை இருக்கும் இடத்தில் அம்புக்குறி ஸ்டிக்கர் ஒட்ட வேண்டும். அதற்குப் பேச்சுத் தேவையில்லை. பக்கத்து மேசைப் பெண்ணுக்கும் எனக்கும் பதினோரு வருடப் பழக்கம். அவள் எந்த ஊர் என்று எனக்குத் தெரியாது, நான் எந்த ஊர் என்று அவளுக்குத் தெரியாது. சின்ன வயதிலிருந்தே நாலு பேர் முன்னால் எனக்குப் பேச்சு வராது. அப்படிப்பட்டவளுக்கு டவுன் நல்ல இடம்.

ஜவ்வாது மலையில் எங்கள் ஊரில் எட்டாம் வகுப்பு வரை படித்தேன். பதினெட்டு வயதில் கல்யாணம். எங்கள் முதல் குழந்தையை பஸ் வருவதற்குள் இழந்தோம். அதைப் பற்றி இங்கே எழுதப் போவதில்லை. அதற்குப் பிறகுதான் கணவர், "இனிமே இங்க வேணாம்" என்றார். இருவரும் திருப்பூருக்குப் போனோம். இரண்டாவது குழந்தையான மகள் அங்கே அரசு ஆஸ்பத்திரியில் பிறந்தாள். அவளுக்குக் காய்ச்சல் என்றால் பத்து நிமிடத்தில் ஆட்டோ வரும். பள்ளிக்கூடம் நடக்கும் தூரம். இதற்காகவே மற்ற எல்லாவற்றையும் பொறுத்துக்கொண்டோம். எட்டு வீடு ஒரே வரிசையில் இருக்கிற லைன் வீடு, எல்லோருக்கும் சேர்த்து இரண்டே கக்கூஸ், வாரத்துக்கு ஒரு தடவை வரும் நல்ல தண்ணீர். தண்ணீர் வரும் அன்று பாதி நாள் வேலையை விட்டுவிட்டு டிரம்முக்குப் பக்கத்தில் நிற்க வேண்டும். இருபத்து மூன்று வருடமாக நின்றுகொண்டிருக்கிறேன்.

மகள் பன்னிரண்டாம் வகுப்பில் நல்ல மார்க் வாங்கினாள். நர்சிங் படிக்க வேண்டும் என்றாள். இடமும் கிடைக்கும் போலிருந்தது. ஆனால் அவள் பெயரில் சாதிச் சான்றிதழ் இல்லை. அதுவரை பள்ளியில் அப்பாவின் சான்றிதழை வைத்தே ஒப்பேற்றியிருந்தோம். கல்லூரியில் அது செல்லாது என்றார்கள். ஐப்பசி பிறப்பதற்குள் சான்றிதழைக் கொடுக்காவிட்டால் இடம் போய்விடும். ஊர் முகவரி போட்டு விண்ணப்பித்தோம். வருவாய் ஆய்வாளர் திங்கட்கிழமை ஊருக்கு நேரில் வந்து விசாரிப்பார் என்று தகவல் வந்தது. அவர் விசாரிப்பது எங்கள் ஊர்க்கவுண்டரிடம். ஊருக்கு அவர்தான் தலைவர். "ஆமாம், இவர்கள் எங்கள் ஜனம்" என்று அவர் சொல்ல வேண்டும். அந்த ஒரு வார்த்தையில்தான் மகளின் படிப்பு இருந்தது.

அவர் சொல்வாரா என்பது சந்தேகம். காரணம், நாங்கள் நாலு வருடமாகப் படி வைக்கவில்லை.

எங்கள் ஊரில் புதுச் சாமை அறுத்ததும் யாரும் உடனே சாப்பிட மாட்டார்கள். கல்யாணமான ஒவ்வொரு ஆணும் ஒரு தலைக்கட்டு. ஒவ்வொரு தலைக்கட்டும் ஒரு படி புதுச் சாமை கொண்டுவந்து கோயில் முன்னால் வைக்க வேண்டும். எல்லாவற்றையும் ஒன்றாகக் கொட்டி, பெண்கள் உரலில் குத்தி, ஒரே பானையில் பொங்கி சாமிக்குப் படைத்த பிறகுதான் வீடுகளில் உலை ஏறும். முன்பெல்லாம் எங்கள் பங்கு நிலத்தையும் சேர்த்துப் பயிர் வைக்கும் கணவரின் தம்பி எங்களுக்காக ஒரு படி வைத்துவிடுவார். நாலு வருடத்துக்கு முன் தம்பிக்கும் என் கணவருக்கும் ஒரு புளியமரத்தைப் பற்றிப் பேச்சு வளர்ந்தது. அதோடு நின்றுபோனது.

ஆய்வாளர் வருவதற்கு முந்தைய வியாழக்கிழமை படி வைக்கும் நாள். கணவருக்குச் சாயப்பட்டறையில் லீவு தரவில்லை. எனக்கு வியாழன், வெள்ளி இரண்டு நாள் கிடைத்தது. ஷிப்மென்ட் நேரம் என்பதால் அதற்கே சூப்பர்வைசர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். போகும்போது வெறுங்கையோடு போகக் கூடாது என்று, சிறுதானியக் கடையில் இரண்டு கிலோ சாமை அரிசி வாங்கினேன். பாக்கெட்டின் மேல் ஜவ்வாது மலைச் சாமை என்றே அச்சடித்திருந்தது. நம் மலையில் விளைந்ததுதானே, என்ன தப்பு என்று நினைத்தேன். உமியோடு வைக்க வேண்டும் என்பது எனக்கு நினைவிருந்தது. கடையில் உமியோடு யார் விற்கிறார்கள்? பாக்கெட்டைப் பிரித்து ஒரு பழைய துண்டில் மூட்டையாகக் கட்டிக்கொண்டேன். துண்டில் கட்டும்போதே அது சரியில்லை என்று எனக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

சேலம், திருப்பத்தூர், ஆலங்காயம் என்று மூன்று பஸ் மாறி, மலைப்பாதையில் மகள் இரண்டு தடவை வாந்தி எடுத்து, ஜமுனாமரத்தூரில் இறங்கி ஷேர் ஆட்டோ பிடித்து ஊர் போய்ச் சேர்ந்தபோது, கோயில் முன்னால் பாதிப் பேர் படி வைத்துவிட்டிருந்தார்கள். என் ஓரகத்தி, அதாவது கணவரின் தம்பி மனைவி, உரல் பக்கத்தில் நின்றிருந்தாள்.

"வாக்கா. வழி மறந்துபோயிருக்கும்னு நெனச்சேன். ஞாபகம் இருக்குதா?" என்றாள்.

நான் சிரித்து வைத்தேன். என் முறை வந்ததும் துண்டைப் பிரித்துப் படியில் அளந்தேன். எல்லாரும் வைத்தது உமியோடு சாம்பல் நிறத்தில் இருந்தது. என்னுடையது வெள்ளை வெளேரென்று இருந்தது. பக்கத்தில் இருந்த ஒரு அம்மா நாலு அரிசியை எடுத்து வாயில் போட்டு மென்றார்.

"இன்னாடி இது, வாசமே இல்ல? எந்தக் காட்டுல வெளஞ்சிது?"

எங்கள் காட்டில் விளைந்தது என்று பொய்யும் சொல்லவில்லை, உண்மையையும் சொல்லவில்லை. ஓரகத்தியைப் பார்த்தேன். அவள் வேறு பக்கம் பார்த்தாள். அப்போது என் மகள் உதவி செய்வதாக நினைத்துக்கொண்டு,

"இது கடையில வாங்குனதுங். ஆனா இந்த மலையோடதுதானுங். பாக்கெட்டுலயே போட்டிருந்துச்சுங்" என்றாள்.

எல்லாரும் சிரித்தார்கள். "ங் ங்குனு கொசு மாதிரி இன்னா பேச்சு இது?" என்று ஒருத்தி கேட்டாள். ஊர்க்கவுண்டர் மட்டும் சிரிக்காமல் சொன்னார்:

"அப்ப அந்தக் கடக்காரந்தாம்மா நம்ம ஊரு தலக்கட்டு. அவன வரச்சொல்லு, பரிவட்டம் கட்டிடலாம்."

அதற்கு இன்னும் பெரிய சிரிப்பு. எனக்குக் காது இரண்டும் சூடாகிவிட்டது. மகள் என் முந்தானையைப் பிடித்துக்கொண்டாள். பதினெட்டு வயதுப் பெண், ஐந்து வயதுக் குழந்தை பிடிப்பது போலப் பிடித்தாள். திரும்பி அடுத்த பஸ்ஸில் ஏறிவிடலாமா என்றிருந்தது. ஆனால் திங்கட்கிழமை ஆய்வாளர் வருகிறார். நான் பேசாமல் போனால் இவள் படிப்பு போய்விடும்.

"மாமா" என்றேன். அவர் எனக்கு மாமா முறை. குரல் எனக்கே கேட்கவில்லை.

"சத்தமா சொல்லும்மா. மிஷின் சத்தத்துல வேல செய்றவதானே நீ?"

"திங்கக்கெழம ஆபீசர் வராரு மாமா. புள்ளைக்கு சர்ட்டிபிகேட்டு. நீங்க ஒரு வார்த்த சொல்லணும்."

"தெரியும். தலையாரி சொன்னான். நான் இன்னான்னு சொல்றது? படி வெக்காதவங்களுக்கு நான் வாய் தொறந்தா, நாளைக்குக் கீழ இருந்து எவன் எவனோ வந்து நானும் மலைக்காரன்தான், எனக்கும் சொல்லுன்னு நிப்பான். எங்க ஊரு புள்ளைங்களுக்கு இருக்கறதே கொஞ்சம் எடம்."

அவர் சொன்னதில் தப்பு இல்லை. என்னவெல்லாமோ சொல்ல நினைத்து, கடைசியில் வாயில் வந்தது இதுதான்:

"அங்க எங்களுக்கு வாடக வூடுதான் மாமா. செத்தா இங்கதான் தூக்கியாரணும். அங்க எங்களத் தூக்கறதுக்கு ஆளு யாரு?"

இருபது வருடத்தில் நான் நாலு பேர் முன்னால் பேசியது அவ்வளவுதான். சிரித்தவர்கள் சிரிப்பை நிறுத்தினார்கள்.

ஊர்க்கவுண்டர் தாடையைத் தடவினார். "கடச் சாமய எடுத்துக்க. ஞாயித்துக்கெழம பொங்கல். அதுக்குள்ள உன் கையால அறுத்து, அடிச்சி, ஒரு படி கொண்டாந்து வையி. யாரு காடா இருந்தாலும் செரி. கை உன்துதா இருக்கணும்" என்றார்.

அன்று சாயங்காலம் ஓரகத்தி வீட்டு வாசலில் போய் நின்றேன். புளியமரச் சண்டைக்குப் பிறகு அந்த வாசலை மிதித்ததில்லை. அவளே பேச ஆரம்பித்தாள்.

"நாலு வருசமா உங்க பங்கையும் சேத்து நான் ஒருத்தியா குனிஞ்சி அறுக்கறேன். ஒரு போன் உண்டா? சாமய பாக்கெட்டுல வாங்கியாந்தியே, ஒரு நல்ல சோப்பு வாங்கியாரக் கூடாது?"

"ஏ புள்ள, உன் காட்டுல அறுக்கறேன். ஒரு படி மட்டும் குடு."

"ஒரு படிக்குப் பாதி நாள் போதும். படிக்கு மட்டுந்தான் அறுத்தோம், மொத்தக் காடும் நிக்குது. முழுசா அறுத்துட்டுப் போ."

வெள்ளி, சனி இரண்டு நாளும் அறுத்தோம். கருக்கரிவாள் பிடித்து எத்தனை வருடம் ஆயிற்று? சரிவுக் காடு. நிற்பதற்கே முழங்கால் கெஞ்சியது. பத்து மணி நேரம் நின்றே வேலை செய்து பழகிய கால்தான், ஆனால் குனிவது வேறு வலி. முதல் நாளே இடது கை விரலில் வெட்டுப்பட்டது. மகளுக்குச் சாமைத் தாளின் சுணை பட்டு கை முழுக்கத் தடித்துவிட்டது. ஆனாலும் விடவில்லை. ஓரகத்தி அவளைப் பார்த்து, "நர்சம்மா, உன் கைக்கு நீயே ஊசி போட்டுக்க" என்றாள். மகள் சிரித்தாள். வந்ததிலிருந்து அவள் சிரித்தது அப்போதுதான்.

வெள்ளிக்கிழமை மதியம் சூப்பர்வைசர் போன் செய்தார். சிக்னலுக்காகப் பாறைமேல் ஏறி நின்று பேசினேன்.

"நாளைக்கு வர்றீங்களா இல்லையா?"

"இல்லைங்க சார். செவ்வாய்க்கிழமைதான்."

"செக்கிங்குக்கு வேற ஆள் போட்டுக்கறேன். வந்தா பிசிறு வெட்டற எடத்துல உக்காருங்க."

பதினோரு வருட மேசை. பிசிறு வெட்டுவது என்றால் தையலில் தொங்கும் நூலைக் கத்தரிக்கோலால் வெட்டுவது. புதிதாக வருபவர்களுக்குக் கொடுக்கும் வேலை. சரிங்க சார் என்றேன். மகளிடம் சொல்லவில்லை. கீழே இறங்கி மறுபடியும் அரிவாளை எடுத்துக்கொண்டேன்.

அறுத்ததில் முதல் கட்டுகளைப் பாறையில் காயவைத்து, தடியால் அடித்து, முறத்தில் புடைத்து, ஞாயிற்றுக்கிழமை காலை ஒரு படி அளந்தேன். ஓரகத்தி வந்து படியின் மேல் இன்னும் ஒரு கை அள்ளிக் கோபுரமாக வைத்தாள். "கொறச்சலா வெச்சா என் காட்டுக்குத்தான் அசிங்கம்" என்றாள். கோயில் முன்னால் வைத்தபோது யாரும் எடுத்து மென்று பார்க்கவில்லை. உரலில் கொட்டினார்கள். நானும் இரண்டு குத்துக் குத்தினேன். பொங்கல் இலையில் வந்தபோது கையைத் தூக்கிச் சாப்பிடவே சோர்வாக இருந்தது. ருசியாக இருந்ததா என்று கேட்டால் நினைவில்லை. எங்காவது படுத்தால் போதும் என்றிருந்தது.

திங்கட்கிழமை ஆய்வாளர் வந்தார். மரியாதையான மனிதர். நாற்காலி போட்டார்கள். மகளின் பெயர், அப்பா பெயர், கோத்திரம், குலசாமி எல்லாம் கேட்டு எழுதினார். பிறகு ஊர்க்கவுண்டரைப் பார்த்தார்.

"எங்க ஜனம்தாங்க. நேத்துகூடப் படி வெச்சாங்க. அந்தப் பொண்ணு கையப் பாருங்க, சாமத் தாளு பட்டுத் தடிச்சிருக்குது. இதெல்லாம் வாங்கியாரக் கிடைக்குமா?" என்றார் அவர்.

ஆய்வாளர் சிரித்துக்கொண்டே கையெழுத்து வாங்கினார். அவர் ஜீப் போனதும் ஊர்க்கவுண்டர் என் பக்கம் திரும்பினார்.

"வருசா வருசம் வரணும்மா. ஒரு வருசம் அறுத்துட்டு நாலு வருசம் படுத்துக்கற வேல வேணாம்."

"வர்றேன் மாமா" என்றேன். எப்படி வருவேன் என்று எனக்குத் தெரியவில்லை. ஷிப்மென்டும் சாமை அறுப்பும் ஒரே மாதத்தில்தான் வரும்.

எட்டாம் நாள் சான்றிதழ் வந்தது. மகள் கல்லூரியில் சேர்ந்தாள். அது திருப்பூரிலும் இல்லை, மலையிலும் இல்லை. இரண்டுக்கும் நடுவில் வேறொரு டவுன். ஹாஸ்டல். இப்போது லைன் வீட்டில் நானும் கணவரும் மட்டும். டிரம்மில் தண்ணீர் மீதியாகிறது.

நான் பிசிறு வெட்டும் இடத்தில் தரையில் உட்கார்ந்திருக்கிறேன். துணியை இழுத்துப் பிடித்துப் பிடித்து, அரிவாள் வெட்டிய இடது கை விரல் ஆற ரொம்ப நாளானது. மகள் சேர்ந்த வாரம் டீ நேரத்தில் போன் செய்தாள்.

"அம்மா, ஒரு ஃபாரம் குடுத்திருக்காங்க. சொந்த ஊர் அட்ரஸ் கேட்டிருக்குது."

"சர்ட்டிபிகேட்டுல இருக்கறத எழுது."

"எழுதிட்டேன். பின்கோடு?"

எனக்குத் தெரியவில்லை. இத்தனை வருடத்தில் அந்த ஊருக்கு நான் ஒரு கடிதமும் போட்டதில்லை, அங்கிருந்து எனக்கு ஒன்றும் வந்ததுமில்லை. இரு, கேட்டுச் சொல்கிறேன் என்று வைத்துவிட்டு ஓரகத்திக்குப் போன் போட்டேன். அறுப்பு முடிந்த பிறகு நானாக அவளுக்குப் போட்ட முதல் போன்.

"பின்கோடா? நமக்கு எவன் லெட்டர் போடப்போறான்?" என்றாள். "இரு, போஸ்ட்டாபீசு பக்கம் போனா கேட்டுச் சொல்றேன். அவசரமா?"

"இன்னிக்கே எழுதணுமாம்."

"செரி, வையி. இப்பவே போறேன்."

டீ நேரம் முடிந்து பெல் அடித்துவிட்டது. போனை மடியில் வைத்துக்கொண்டு அடுத்த பீஸை எடுத்தேன்.